சீமைக் கலாசாலையும் வீட்டுப் பத்திரமும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியைக் கடந்து கிழக்கே சிறிது தூரம் வந்தால், கருங்கற் குன்று ஒன்று நம் கண்ணில் படும். அதன் அடிவாரத்தில் அமைந்த ஊர்தான் தியாகதுருகம். குன்றின் மேலுள்ள கோட்டைக்காக 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டார்கள். மைசூர்ப் படைகளும் வந்து மோதின. அன்று கடல் கடந்து வந்தவர்கள் இந்தக் குன்றின் மீது கண் வைத்தார்கள். இன்றோ, குன்றின் அடியிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் கடல் கடந்த தேசங்களின் மீது கண் வைக்கிறார்கள். காலம் செய்யும் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று!

கரும்பும் நெல்லும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பூமி இது. 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி ஜில்லாவாக்கப்பட்ட கள்ளக்குறிச்சியில், பட்டம் பெற்ற முதல் தலைமுறை இப்போதுதான் வீட்டுக்கு வீடு தலையெடுத்து வருகிறது. பையன் எஞ்சினீயரிங் முடித்துவிட்டான். பெண் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றுவிட்டாள். அடுத்தது என்ன என்று கேட்டால், ஜெர்மனி என்றும், இங்கிலாந்து என்றும், அமெரிக்கா என்றும் பதில் வருகிறது. தகப்பனார் சற்று நேரம் மௌனமாயிருக்கிறார். பிறகு அவருடைய பார்வை அலமாரிப் பக்கம் செல்கிறது. அங்கேதான் நிலத்துப் பத்திரம் இருக்கிறது.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

வெளிநாடு சென்று படிப்பது நல்லதா, கெட்டதா என்ற விவாதத்தை நாம் இங்கே எழுப்பப் போவதில்லை. அறிவு எங்கே இருந்தாலும் தேடிச் சென்று கொண்டுவர வேண்டியதுதான். ஆனால், அயல்நாட்டுச் சர்வகலாசாலையில் பெயர் பதிவு செய்து கொள்ளும் ஒவ்வொரு குடும்பமும், கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். வழி காட்டுகிறவர் யார்? பணம் யாருடையது? போய்ச் சேரும் கலாசாலை எத்தகையது? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் பிரயாணத்தில் பாதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். விடை கிடைக்காமல் கிளம்பினால், அலமாரியிலுள்ள பத்திரம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

திருக்கோவலூரில் தொடங்கிய வழி

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். தியாகதுருகத்திற்கு வடகிழக்கே, இதே ஜில்லாவில், தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூருக்குப் போனால் போதும்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வூரில் டிபுடி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். கும்பகோணத்துக் கலாசாலையில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் உபகாரச் சம்பளத்தை இழந்தவர்; சென்னையில் எஃப்.ஏ. பரீட்சையிலும் தேறாதவர். கல்யாணம் ஆகிவிட்டது, வேலை இல்லை. தாலூகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தால் போதும் என்று கேட்க வந்தார். கையில் கணித நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவர்தான் ஸ்ரீநிவாச ராமானுஜன்.

ராமஸ்வாமி ஐயர் இந்தியக் கணித சங்கத்தை நிறுவியவர். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டியதும், வந்திருப்பவர் யார் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ரெவினியூ இலாகாவின் அடிப்படியில் ஓர் உத்தியோகத்தைக் கொடுத்து அந்த மேதையை அமுக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே, உத்தியோகம் கொடுக்காமல் ஒரு சிபார்சுக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் சென்னையில் பேராசிரியர் பி.வி. சேஷு ஐயரிடம் சென்றது. அங்கிருந்து நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் சென்றது. அவர் சில காலம் தம் கைப்பணத்தைக் கொடுத்து இளைஞரை ஆதரித்தார். 1912 மார்ச்சு முதல் தேதியன்று, சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் குமாஸ்தாவானார். 1913 ஜனவரி 16-ஆம் தேதி அங்கிருந்தபடியே கேம்பிரிட்ஜிலுள்ள பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இதற்கு முன் அவர் எழுதிய கடிதங்கள் வேறு கணிதப் பேராசிரியர்களிடம் பலனளிக்கவில்லை. ஹார்டி பதில் எழுதினார்.

அதன் பின் நடந்ததை உலகம் அறியும். உலகம் அவ்வளவாகக் கவனியாத ஒரு விஷயத்தை மட்டும் நாம் இங்கே எடுத்துக் காட்ட விரும்புகிறோம். ராமானுஜனின் சீமைப் பிரயாணத்திற்கு அவர் குடும்பம் எதையும் அடகு வைக்கவில்லை. அடகு வைக்க அவர்களிடம் அதிகமாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்! சென்னைச் சர்வகலாசாலை முதலில் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. பிறகு, கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்த நெவில் என்பவர் எடுத்துரைத்ததன் பேரில், ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. கப்பல் கட்டணமும் ஆடை முதலிய செலவுகளும் தனி. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி ஊரிலிருந்த குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டது. 1914 மார்ச்சு 17-ஆம் தேதி 'நெவாசா' என்னும் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது.

எஃப்.ஏ. தேறாதவரை டிரினிடிக் கலாசாலை ஆராய்ச்சி மாணவராக ஏற்றுக்கொண்டது. 1916-இல் ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918-இல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

நம்முடைய மூன்று கேள்விகளை இப்போது இவ்வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம். வழி காட்டியவர் யார்? கமிஷன் கேட்காத மனிதர்கள். கடிதம் கொடுத்ததற்காக ராமஸ்வாமி ஐயர் காலணா வாங்கவில்லை. பணம் யாருடையது? பொதுப்பணம். போய்ச் சேர்ந்த இடம் எத்தகையது? அந்த மாணவரின் வித்தையை மதிப்பிடக்கூடிய ஆசிரியர் காத்திருந்த இடம். திறமை ராமானுஜனுடையதுதான், ஆனால் திறமை மட்டும் கப்பல் ஏறிவிடாது. நேர்மையான கைகள் அதை ஒன்றிடமிருந்து மற்றொன்றிடம் ஒப்புவித்துக்கொண்டே போயின.

பரோடாவும் மிச்சிகனும்

இவ்வரலாறு ஒரு மேதைக்கு நேர்ந்த அபூர்வம் என்று எவரேனும் நினைக்கலாம். வேறு இரண்டு உதாரணங்களையும் பாருங்கள்.

1913-இல் டாக்டர் அம்பேத்கர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாச் சர்வகலாசாலைக்குச் சென்றார். பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அவருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. இதற்கு ஈடாகத் திரும்பி வந்ததும் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்வதாக அவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். பரோடாவுக்குத் திரும்பி வந்தபோது தங்குவதற்கு ஓர் இடம்கூட அவருக்குக் கிடைக்கவிடாமல் தீண்டாமை துரத்தியதும், அவர் அந்த உத்தியோகத்தை விட்டு வெளியேற நேர்ந்ததும் நம் தேசத்தின் வெட்கக் கதைகளில் ஒன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. எழுதாமல் விட்டிருப்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேறில்லை.

மற்றோர் உதாரணம் ஒரு பெண்மணியுடையது. தலைச்சேரியில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த ஈ.கே. ஜானகி அம்மாள், அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலைக்குச் சென்று தாவர சாஸ்திரம் பயின்றார். ஆசியப் பெண்களுக்கென்றே அச்சர்வகலாசாலையில் ஏற்பட்டிருந்த பார்பர் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. 1931-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் கரும்பு ஆராய்ச்சியில் பெயர் பெற்றார். கரும்பு விளையும் கள்ளக்குறிச்சிச் சீமையில் பெண்ணைப் பெற்றவர்கள் இவருடைய பெயரை அறிந்திருப்பது நலம். 'பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதா?' என்ற பேச்சுக்கு அவர் சென்று படித்துத் திரும்பிய வரலாறே பதில்.

காகிதங்களின் வரிசை

இன்றைய ஏற்பாடுகளுக்கு வருவோம். அக்காலத்தில் ஒரு கடிதம் செய்த வேலையை இப்போது பத்துக் காகிதங்கள் செய்கின்றன. ஆனாலும் இவற்றில் பயப்பட வேண்டியது ஒன்றுமில்லை. இரயில்வே அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவர் இவற்றையும் படித்துவிடலாம்.

முதலாவது, விண்ணப்பம். அநேகமாக எல்லாச் சர்வகலாசாலைகளும் தங்கள் இணையத்தளத்தில் மாணவரிடமிருந்து நேரடியாகவே விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. மதிப்பெண் பட்டியல்கள், ஆசிரியர்கள் தரும் இரண்டு மூன்று சிபார்சுக் கடிதங்கள், 'இப்படிப்பை நான் ஏன் விரும்புகிறேன்' என்று மாணவர் எழுதும் விளக்கம், ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் போன்ற ஆங்கிலப் பரீட்சையின் முடிவு ஆகியவை வேண்டும். இவற்றில் அந்த விளக்கத்தை மாணவரே எழுத வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்கும் விளக்கம், கல்யாணத்திற்கு இரவல் வாங்கிய நகை மாதிரி, பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, சேர்க்கைக் கடிதம். இது வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பல வீடுகளில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இது தொடக்கம்தான். கடிதம் நிபந்தனையுடையதா, நிபந்தனையற்றதா, முன்பணம் எவ்வளவு, விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பவற்றை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, அந்தந்தச் சர்க்கார் கேட்கும் காகிதம். அமெரிக்காவுக்குச் செல்கிறவர்களுக்குக் கலாசாலை 'ஐ-20' என்னும் படிவத்தை அனுப்பும். அதைக் கொண்டுதான் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்து, தூதரகத்தில் நேரில் விடை சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்குக் கலாசாலையின் உறுதிப்பத்திரம் ஒன்று தேவை. முதலாண்டுக் கட்டணத்திற்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உரிய பணம் பாங்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்ததாகக் காட்ட வேண்டும். க்ஷயரோகப் பரிசோதனையும் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான சர்க்கார் சர்வகலாசாலைகள் போதனைக் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே அங்கே செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மாணவர் தம் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதாமாதம் ஒரு பகுதியைத்தான் எடுக்கலாம். 2024-இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. இது தவிர, 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் தங்கள் சான்றிதழ்களை டில்லியிலுள்ள ஏ.பி.எஸ். காரியாலயத்தில் சரிபார்த்து அத்தாட்சி பெற வேண்டும் என்றும் விதி ஏற்பட்டிருக்கிறது.

இத்தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறும். சென்ற ஆண்டு அடுத்த வீட்டுப் பையன் போனபோது இருந்த விதி இந்த ஆண்டு இல்லாமற் போகலாம். அந்தந்தத் தேசத்துச் சர்க்காரின் தளத்தில் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுவே வேதவாக்கு.

பத்திரத்தின் கணக்கு

இனி, அலமாரிப் பக்கம் வருவோம்.

பாங்குகளின் சங்கம் வகுத்திருக்கும் மாதிரித் திட்டப்படி, ஏழரை லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு தேவைப்படும். வெளிநாட்டுப் படிப்பானால், செலவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைக் குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது ஒரு பெரிய சலுகை. ஆனால், தவணைக்குத்தான் விடுமுறையே தவிர, வட்டிக்கு விடுமுறை இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டாண்டுப் படிப்புக்கு 20 லட்சம் கடன் வாங்கியதாகவும், முழுத் தொகையும் தொடக்கத்திலேயே பெற்றதாகவும், வட்டி நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் தனி வட்டியே 6 லட்சம் ஆகிவிடும். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 26 லட்சம். அதைப் பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதம் ஏறக்குறைய 34,400 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 41 லட்சத்திற்கு மேல். படித்த பிள்ளைக்கு அங்கேயே நல்ல உத்தியோகம் கிடைத்தால் இது பெரிதல்ல. உத்தியோகம் கிடைக்காமலோ, விசா முடிந்தோ ஊர் திரும்பினால், உள்ளூர்ச் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? 'முடியும்' அல்லது 'இத்தனை வரையில் முடியும்' என்று குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சொல்லக் கூடுமானால் கையெழுத்திடலாம். 'எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்' என்பது மட்டுமே பதிலானால், பேனாவைச் சற்றுக் கீழே வைப்பது நல்லது.

'அங்கே போய் வேலை செய்து கட்டிவிடுவேன்' என்று பிள்ளை சொல்லக்கூடும். அமெரிக்காவில் படிப்புக் காலத்தில் கலாசாலை வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. இங்கிலாந்திலும் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரமே. அதில் சாப்பாட்டுச் செலவுக்கு உதவி கிடைக்கலாம். கட்டணத்தையும் அதிலிருந்தே கட்டலாம் என்று கணக்குப் போடுவது மணலில் கயிறு திரிப்பதாகும்.

கமிஷன் வாங்கும் வழிகாட்டி

திருக்கோவலூரில் கிடைத்த வழிகாட்டி இலவசம். இன்று பட்டணங்களிலுள்ள பல வழிகாட்டிகளும் 'இலவசம்' என்றே பலகை போட்டிருக்கிறார்கள். எப்படி முடிகிறது? மாணவரைச் சேர்த்துவிட்டதற்காகச் சில தேசங்களின் கலாசாலைகள் தரகருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. இதில் ஒளிவு மறைவில்லை; சட்ட விரோதமும் இல்லை. நேர்மையாகத் தொழில் நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால், ஒருவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறாரோ அவருடைய நன்மையைத்தான் முதலில் பார்ப்பார். நம் பிள்ளைக்குப் பொருந்தும் கலாசாலையும் அவருக்குக் கமிஷன் கொடுக்கும் கலாசாலையும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்ததன் பலன் என்ன என்பதற்குச் சென்ற சில ஆண்டுகளிலேயே சான்றுகள் இருக்கின்றன. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்த 'டிரை-வாலி' என்னும் பெயரளவுச் சர்வகலாசாலையை அமெரிக்க அதிகாரிகள் சோதனையிட்டு மூடினார்கள். அதில் பதிவு செய்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். சிலருடைய காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டதை அறிந்து தேசமே கொதித்தது. அதை நடத்திய அம்மாளுக்கு 2014-இல் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. மாணவர்கள் இழந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? 2023-இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பலருடைய சேர்க்கைக் கடிதங்களே போலி என்று தெரியவந்தது. படித்து முடித்து, உத்தியோகத்திலும் அமர்ந்த பிறகு அவர்களுக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது. இந்தக் குழப்பத்தின் பின், 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் அந்தந்தக் கலாசாலையிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளும் முறையைக் கனடா சர்க்கார் கொண்டு வந்தார்கள். சர்க்கார் செய்வதை நாமும் செய்யலாம்: கடிதம் கையில் கிடைத்ததும், கலாசாலையின் சொந்தத் தளத்திலுள்ள முகவரிக்கு எழுதி, 'இது உங்களுடையதுதானா?' என்று கேட்பதற்கு ஒரு காசு செலவில்லை.

வைத்தியப் படிப்புக்காக அயல்நாடு செல்லும் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது, ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் நிலவறைகளிலும் எல்லைப் புறங்களிலும் தவித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் இடம் கிடைக்காததாலும், இங்குள்ள தனியார் கல்லூரிகளின் கட்டணம் மலைக்க வைப்பதாலுமே அவர்களில் பலர் அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அயல்நாட்டு வைத்தியப் பட்டத்துடன் இங்கே தொழில் செய்ய விரும்புகிறவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் சில நிபந்தனைகளை வகுத்திருக்கின்றன. நீட் பரீட்சையில் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. ஆங்கிலத்தில் போதிக்கப்பட வேண்டும். அதே கலாசாலையில் 12 மாதப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். திரும்பியபின் இங்கே ஒரு பரீட்சையும் உண்டு. அந்தப் பரீட்சையில் தேறாதவர்களின் தொகை மிகப் பெரிது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஆறாண்டு உழைப்பும் குடும்பத்தின் சேமிப்பும் வீணாகும். ஆகவே, பணம் கட்டுமுன் இந்த விதிகளைத் தாமே படித்துப் பார்ப்பது பெற்றோரின் கடமை.

மலை மேல் எட்டாத செய்தி

பொதுப்பணம் இக்காலத்தில் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கிறது என்பதே பதில். 1954-55 முதல் மத்திய சர்க்கார் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் என்ற திட்டத்தை நடத்தி வருகிறார்கள். ஷெட்யூல்டு வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகள், முதுகலைப் பட்டத்திற்கும் டாக்டர் பட்டத்திற்கும் அயல்நாடு செல்ல இதன்மூலம் உதவி பெறலாம். பழங்குடி மாணவர்களுக்கும் இத்தகைய ஒரு திட்டம் தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்காரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவி அளிக்கிறார்கள். மற்ற வகுப்பினருக்கும் வழிகள் இல்லாமற் போகவில்லை: பல சர்வகலாசாலைகள் தாமே உபகாரச் சம்பளம் தருகின்றன, ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பல இடங்களில் சம்பளமே உண்டு.

ஆனால் இச்செய்தி எட்ட வேண்டிய இடத்திற்கு எட்டுகிறதா? தியாகதுருகத்திற்கு மேற்கே, கள்ளக்குறிச்சிக்கு அப்பால், கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. அங்கே வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் மேற்சொன்ன திட்டத்திற்கு முழு உரிமை பெற்றவர்கள். மலையிலுள்ள ஒரு பெண் கல்லூரிப் படிப்பு முடித்து, முதுகலைப் பட்டத்திற்கு அயல்நாடு போக நினைத்தால், அவளுக்கு ஒரு சென்டு நிலத்தையும் அடகு வைக்காமல் போகும் வழி சட்டத்தில் இருக்கிறது. அந்த வழி இருப்பதையும், எந்த மாதத்தில் விண்ணப்பம் கேட்கிறார்கள் என்பதையும், சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எங்கே பெறுவது என்பதையும் அவளுக்குச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். மலையடிவாரத்தில் கமிஷன் கிடைக்காதாகையால், தரகர் அங்கே வரமாட்டார்.

ஆகவே அந்த மனிதர் நம்மவராகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், நூலகத்துக் காரியதரிசி, ஏற்கெனவே அயல்நாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஆகிய எவராயிருந்தாலும் சரி. ஒவ்வோர் ஊர் நூலகத்திலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வரும் பிள்ளைகளுக்குப் படிவங்களை விளக்கிச் சொன்னாலே போதும். அதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம்; சந்தா வேண்டாம்; தலைவர் தேர்தலும் வேண்டாம்! ராமஸ்வாமி ஐயர் செய்தது இவ்வளவுதான்: கொண்டுவந்ததை வாங்கிப் படித்துப் பார்த்தார்; தமக்குத் தெரிந்த அடுத்த மனிதரின் பெயரைச் சொல்லி அனுப்பினார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கேம்பிரிட்ஜில் ராமானுஜன் பட்ட கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. மரக்கறி உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். யுத்தத்தினால் பண்டங்கள் கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் உடம்பை உருக்கின. ஆஸ்பத்திரிகளில் நெடுநாள் கிடந்து, 1919-இல் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி காலமானார். வயது 32. இன்றைய மாணவருக்கு அவ்வளவு சோதனை இல்லை. இருந்தாலும், உடம்புக்கு முடியாத போதும் மனம் சோர்ந்த போதும் அதை வீட்டாரிடமிருந்து மறைக்காமல் சொல்வது என்று கிளம்பும்போதே ஓர் உடன்படிக்கை செய்துகொள்வது உத்தமம். 'எல்லாம் சௌக்கியம்' என்று மட்டுமே எழுதும் பிள்ளையைப் பற்றித்தான் பெற்றோர் கவலைப்பட வேண்டும்.

அவருடைய வாழ்க்கையில் இன்னொரு கடிதமும் உண்டு. 1919 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையில், சென்னைச் சர்வகலாசாலையின் ரிஜிஸ்திராருக்கு அவர் எழுதியது. சர்வகலாசாலை தமக்கு மேலும் சில ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் வழங்க முன்வந்ததை அறிந்து, அத்தொகை தம் தேவைக்கு அதிகம் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக மீதமாவதை ஏழைச் சிறுவர், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் உபயோகிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி உலகெங்கும் பேசுகிறார்கள். ரிஜிஸ்திராருக்கு எழுதிய இக்கடிதத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பொதுப்பணத்தில் படித்தவர், அது யாருடைய பணம் என்பதை மறக்கவில்லை. தியாகதுருகத்திலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ நாளைக்கு ஒரு பிள்ளை அயல்நாடு போய்ப் பட்டம் பெற்றால், வீட்டுப் பத்திரம் பத்திரமாக அலமாரியில் இருக்கட்டும். அந்தப் பிள்ளை ஊர் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். 'நான் இன்ன வழியில் வந்தேன். அடுத்து வருகிறவருக்கு இதைச் சொல்லுங்கள்' என்று இரண்டு வரி இருந்தால் போதும்.